பழைய எஸ்எம்பிஎஸ்: பிரிப்பதா, அப்படியே எடைக்குப் போடுவதா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு மூலை இருக்கும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பெட்டிகள் செத்துப்போய் அங்கே சாக்கு சாக்காக ஏறிக்கொண்டே போகும். பொள்ளாச்சியானாலும் சரி, எல்லை தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கஞ்சிக்கோடு என்றாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: இதை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடுவதா, உட்கார்ந்து பிரித்துச் செம்பு தனி, அலுமினியம் தனி என்று போடுவதா?

“பிரிக்கலாமா வேண்டாமா” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. “எதுவரை பிரிக்கலாம்” என்று கேட்க வேண்டும். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிப்பதில் நான்கு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் நிமிடத்துக்கு ஏழு முதல் பதினான்கு ரூபாய் வரை கிடைக்கும். கடைசிக் கட்டத்தில் ஒரு ரூபாய்கூடத் தேறாது. பெரும்பாலானவர்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அது ஏன் என்பதை எடையோடும் கணக்கோடும் பார்க்கலாம்.

எடைக்குப் போடக் கூடாதவை

முதலில் சாக்கைக் கொட்டிப் பிரித்து வையுங்கள். ஓடுகிற எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடைக்குப் போடுவது வீண். செகண்ட் ஹேண்டாக அதற்குக் கிடைக்கும் பணத்தில் கால்வாசி கூட எடையில் வராது.

சோதிப்பது சுலபம். மதர்போர்டில் செருகும் 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். பச்சையையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்து, பவர் கொடுத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். ஃபேன் சுற்றினாலே நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை லோடாக மாட்டி, மீட்டர் வைத்து அளவெடுங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 இருந்தால் தேறியது. இந்த எல்லைக்கு வெளியே போனால் அது எடைக்குத்தான், இல்லையென்றால் கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்தவருக்கு.

டெல், எச்பி, லெனோவோ போன்ற ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் எஸ்எம்பிஎஸ்களைத் தனியே எடுத்து வையுங்கள். அளவும் கனெக்டரும் மற்றவற்றோடு பொருந்தாது. அதனாலேயே ரிப்பேர் கடைக்காரர்கள் தேடி வாங்குவார்கள். சர்வர் எஸ்எம்பிஎஸ் இன்னொரு ரகம். நீளமாக, ஓரத்தில் தங்க நிறக் கோடுகளோடு செருகும் முனை இருக்கும். அந்தக் கோடுகள் உண்மையிலேயே தங்க முலாம். போர்டும் பச்சை ஃபைபர் போர்டு. இதைச் சாதா எஸ்எம்பிஎஸ்ஸோடு கலந்து போட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம். தனியாக விலை கேளுங்கள்.

உள்ளே என்ன, எவ்வளவு

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் வரும் சாதா எஸ்எம்பிஎஸ் ஒன்று ஏறக்குறைய 1,150 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிரித்தால் எடை இப்படி விழும்:

மேல் கீழ் தகரப் பெட்டி – 470 கிராம்
கனெக்டர் நீக்கிய வயர் – 185 கிராம்
கனெக்டர்கள் – 35 கிராம்
ஃபேன் – 75 கிராம்
அலுமினிய ஹீட் சிங்க் இரண்டு – 85 கிராம்
டிரான்ஸ்ஃபார்மர்கள், சோக் காயில்கள் (கம்பி சுற்றிய சுருள்கள்) – 170 கிராம்
போர்டு, கெப்பாசிட்டர், மற்ற சில்லறை – 130 கிராம்

கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். மலிவு ரகம் 800 கிராமில் கூட நிற்கும். நல்ல ரகம் 2 கிலோவைத் தாண்டும். உங்கள் சாக்கில் இருந்து மூன்றை எடுத்து ஒரு முறை முழுதாகப் பிரித்து எடைபோட்டு, மேலே உள்ள எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் அந்த எடையே போதும்.

தங்கம் இருக்கும் என்ற நினைப்பு இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். சாதா எஸ்எம்பிஎஸ் போர்டு ஒரு பக்கம் மட்டும் செம்புத் தடம் உள்ள பழுப்பு நிற அட்டைப் போர்டு. மதர்போர்டு, ரேம் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடையில் கேட்க வேண்டியது

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் ஃபோனை எடுங்கள். இரண்டு மூன்று கடைகளில், கேரளப் பக்கத்து ஆக்ரிக் கடையும் (அங்கே பழைய இரும்புக் கடைக்கு அதுதான் பெயர்) ஒன்றாவது சேர்த்து, விலை கேளுங்கள்.

“அண்ணா, எஸ்எம்பிஎஸ் வயரோட என்ன ரேட்டுங்க? வயர் வெட்டிட்டுக் கொடுத்தா அந்தப் பெட்டிக்கு எவ்வளவு போடுவீங்க?”

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சில கடைகளில் வயர் இல்லாத பெட்டியையும் எஸ்எம்பிஎஸ் கணக்கிலேயே கொஞ்சம் குறைத்து எடுப்பார்கள். சிலர் “வயர் போயிட்டா அது வெறும் இரும்புதான்” என்று இரும்பு விலைக்கு இறக்கிவிடுவார்கள். பிறகு கேட்க வேண்டியவை: கனெக்டர் இல்லாத மெல்லிய வயர் விலை, தகர விலை, சுத்த அலுமினிய விலை, எல்லாம் மாட்டியிருக்கும் பவர் போர்டு விலை. உள்ளே இருப்பதை எடுத்த பிறகு மிஞ்சும் வெறும் பெட்டி மெல்லிய தகடு என்பதால் கட்டி இரும்பு விலை கிடைக்காது, தகர விலைதான். அதைக் கேட்காமல் இரும்பு விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

இனி வரும் கணக்குக்கு ஒரு மாதிரி விலை தேவை. வயரோடு எஸ்எம்பிஎஸ் கிலோ 60 ரூபாய், மெல்லிய வயர் 300, உரித்த செம்பு 700, எனாமல் செம்பு (வார்னிஷ் பூசிய சுருள் கம்பி) 650, அலுமினியம் 150, கட்டி இரும்பு 30, தகரம் 25, எல்லாம் மாட்டிய பவர் போர்டு 70, டிரான்ஸ்ஃபார்மர் 60, ஹீட் சிங்க்கும் காயிலும் எடுத்த மொட்டைப் போர்டு 40, ஃபேன் 20. இவை கணக்குக்காக வைத்த எண்கள். உலோக விலை வாரத்துக்கு வாரம் ஆடும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், முறை அதேதான்.

அப்படியே போட்டால் ஒரு பெட்டிக்கு 69 ரூபாய். எந்தக் கட்டமும் இதைத் தாண்டினால்தான் வேலை.

முதல் கட்டம்: வயர் மட்டும்

பவர் கார்டு கழற்றிய பெட்டியை மேசையில் வையுங்கள். வயர்க் கொத்து பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில், பிளாஸ்டிக் வளையத்தை ஒட்டினாற்போல், 8 அங்குலக் கட்டரால் மொத்தமாக வெட்டுங்கள். ஒரே வெட்டில் போகாது. இரண்டு மூன்று பிடியாகப் பிரித்து வெட்டினால் கட்டரின் வாய் மழுங்காது. பிறகு ஒவ்வொரு கனெக்டரையும் அதன் கழுத்தோடு ஒட்டி வெட்டித் தள்ளுங்கள். கேபிள் டை கட்டியிருந்தால் அதையும் எடுங்கள். பழகிய கைக்கு ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம்.

பெட்டியைத் திறக்கவே தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி. வெளியே வரும் வயர்கள் எல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் உள்ள பக்கம். 230 வோல்ட் பக்கத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்டவை. உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நின்றிருந்தாலும் மூடிய பெட்டிக்கு வெளியே வயர் வெட்டுகிறவருக்கு அது எட்டாது.

கணக்கு: வயர் 185 கிராம், 55 ரூபாய் 50 காசு. மீதிப் பெட்டி 930 கிராம். கடைக்காரர் அதற்குக் கிலோ 45 ரூபாய் விலை கொடுத்தால் 41.85. மொத்தம் 97.35, லாபம் 28 ரூபாய். இரும்பு விலையான 30க்கு இறக்கினால் 27.90, மொத்தம் 83.40, லாபம் 14 ரூபாய். நூறு பெட்டி இருந்தால் மூன்றரை மணி நேர வேலைக்கு 1,400 முதல் 2,800 ரூபாய் வரை கூடுதல்.

எந்த விலையில் இது நஷ்டமாகும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வயருக்கு 300 கிடைக்கிற வரை, மீதிப் பெட்டிக்குக் கிலோ 15 ரூபாய் கிடைத்தாலே கைக்கடியில்லை. வயர் விலை 200க்கு இறங்கினால் பெட்டிக்குக் குறைந்தது 35 ரூபாய் வேண்டும். அதற்குக் கீழே என்றால் வெட்டாமல் அப்படியே போடுவதே மேல்.

கனெக்டரோடு வயரைப் போட்டால் கடைக்காரர் தன் கண் மதிப்பில் கழிவு போடுவார். அந்த மதிப்பு எப்போதும் அவர் பக்கம்தான் சாயும். 35 கிராம் பிளாஸ்டிக்கை வெட்டிப் போடுவது அதனால்தான்.

வயரிலும் ஏமாற்று உண்டு. மேலே 18 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) என்று அச்சடித்திருக்கும், உள்ளே அதில் பாதிக்கும் குறைவான செம்பு இருக்கும். ஒரு முனையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பதற வேண்டாம்: வெள்ளீயம் பூசிய செம்பு மேலே வெள்ளையாக, வெட்டிய முகத்தில் சிவப்பாக இருக்கும். அது நல்ல செம்புதான். மேலே சிவப்பு, வெட்டிய முகத்தில் வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம். காந்தத்தில் ஒட்டினால் செம்பு பூசிய எஃகு. இந்த இரண்டு ரகத்தையும் நல்ல வயரோடு கலந்து கொண்டுபோனால், கடைக்காரர் ஒரு கட்டை வெட்டிப் பார்த்துவிட்டு மொத்த மூட்டைக்கும் விலையைக் குறைப்பார். தனியே கட்டுங்கள்.

சுவரில் செருகும் பவர் கார்டு மறக்கப்படுகிற பொருள். ஒன்றரை மீட்டர் நீளத்தில் 0.75 சதுர மில்லிமீட்டர் கார்டு என்றால் அதில் சுமார் 30 கிராம் செம்பு இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் வெட்டாமல் கார்டாகவே விற்கலாம்.

இரண்டாம் கட்டம்: பெட்டியைத் திறப்பது

வயர் வெட்டிய பெட்டிக்குக் கடைக்காரர் 45 ரூபாய் கொடுக்கத் தயார் என்றால் இந்தக் கட்டமே வேண்டாம். தகரம் 11.75, பவர் போர்டு 385 கிராமுக்கு 26.95, ஃபேன் 1.50, ஆக 40.20. திறக்காமல் போட்டாலே 41.85. ஐந்து நிமிடம் உழைத்து ஒன்றரை ரூபாய் இழப்பீர்கள். இரும்பு விலை 30க்குத்தான் எடுப்பேன் என்றால் மட்டும் திறந்தால் 12 ரூபாய் கூடும்.

இன்னொரு விதிவிலக்கு: மூடியோடு சேர்த்துக் கனமான இரும்புப் பட்டைச் சோக் ஒன்று போல்ட் போட்டிருக்கும் ரகம். பேசிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் திருத்தம்) என்பார்கள். அது மட்டும் 250, 300 கிராம் வரும். எஸ்எம்பிஎஸ் விலையில் எடையாகப் போனால் உங்களுக்கு லாபம். கழற்றினால் அது வெறும் பட்டை இரும்பும் கொஞ்சம் சுருளும்தான், அந்தச் சுருளும் சிலவற்றில் அலுமினியம். கையில் எடுத்தவுடன் ஒரு பக்கம் கனமாகச் சாயும் பெட்டியைத் திறக்காமல் போடுங்கள்.

சரி, திறப்பதென்று முடிவு செய்துவிட்டால், ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

230 வோல்ட் ஏசி உள்ளே ரெக்டிஃபை ஆகும்போது உச்ச மதிப்பான 325 வோல்ட் டிசி ஆகிறது. அது பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கும். பழைய ரகத்தில் 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு தொடராக இருக்கும். 470 மைக்ரோஃபாரட் ஜோடி என்றால் 12 ஜூல் சக்தி. அதே திருத்தத்தைச் சர்க்யூட்டால் செய்யும் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல ரகத்தில் ஒரே கெப்பாசிட்டர், 400 வோல்ட் வரை. 390 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 30 ஜூல். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் ஆளைக் கொல்லவும் கூடும்.

ஓடுகிற எஸ்எம்பிஎஸ்ஸை விடச் செத்த எஸ்எம்பிஎஸ் அதிக ஆபத்து. ஓடுகிற பெட்டியில் கரண்ட்டை நிறுத்தினாலும் ஸ்டேண்ட்பை சர்க்யூட் கெப்பாசிட்டரில் உள்ளதை உறிஞ்சிக் காலி செய்துவிடும். சர்க்யூட்டே செத்திருந்தால் உறிஞ்ச ஆளில்லை. சார்ஜை வடிய விட வைத்திருக்கும் ரெசிஸ்டர் மலிவு ரகத்தில் இல்லாமலும் இருக்கும், இருந்தாலும் அது கருகிப் போயிருக்கலாம். மாதக்கணக்கில் மூலையில் கிடந்தது என்றால் பெரும்பாலும் வடிந்திருக்கும். ஆனால் நேற்று கஸ்டமர் கொண்டுவந்து, நீங்கள் ஒரு முறை பிளக்கில் போட்டுப் பார்த்த பெட்டி அப்படியல்ல. சோதித்த பெட்டிகளைத் தனிச் சாக்கில் போட்டு ஒரு வாரம் தொடாமல் வைப்பது நல்ல பழக்கம். வாரம் ஆன பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

தேவையானவை: பிஎச்2 ஸ்க்ரூ டிரைவர், 600 வோல்ட் டிசி அளக்கும் மீட்டர், ஹோல்டரில் மாட்டிய 40 வாட் குண்டு பல்பு ஒன்று. ஹோல்டரிலிருந்து இரண்டு வயர், முனையில் இன்சுலேஷன் உள்ள புரோப். எல்இடி பல்பு கூடாது; குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே போனதும் அது இழுப்பதை நிறுத்திவிடும், பல்பு அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைத்தால் மிச்சம் இருப்பது உங்களுக்கு.

1. மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ரிவெட் அடித்திருந்தால் 4 மில்லிமீட்டர் டிரில். உளியால் நெம்பினால் தகடு உள்ளே போய் எங்காவது முட்டும்.

2. மூடியை, அதில் ஃபேன் இருந்தால் அதோடு சேர்த்து, ஒரு பக்கம் சாயுங்கள். ஃபேன் வயரை வெட்டுங்கள். ஹீட் சிங்க்கைத் தொடாதீர்கள். அலுமினியத் துண்டுதானே என்று தோன்றும். பல போர்டுகளில் 230 வோல்ட் பக்கத்து ஹீட் சிங்க்கும் அந்த உயர் வோல்ட்டேஜ் சர்க்யூட்டோடு இணைந்துதான் இருக்கும்.

3. போர்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, பவர் சாக்கெட்டிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு மூன்று வயரை வெட்டுங்கள். ரப்பர் கையுறையோடு, போர்டின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, கவிழ்த்து மேசையில் வையுங்கள். மேசை மரம், தகர மேசை வேண்டாம்.

4. பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு கால்கள் எங்கே சால்டர் ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். முதலில் மீட்டரை வையுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பல்பின் இரண்டு புரோப்பையும் அதே கால்களில் வையுங்கள். சார்ஜ் இருந்தால் இழை ஒரு நொடிக்குள் மஞ்சளாக மின்னி அணையும். மூன்று எண்ணும் வரை பிடித்திருங்கள்.

5. மறுபடியும் மீட்டர். இரண்டு கெப்பாசிட்டர் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூஜ்ஜியம் காட்டும். ஆனால் இரண்டின் கொள்ளளவும் சமமாக இல்லையென்றால் ஒன்றில் மிச்சம் நிற்கும்.

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு காலுக்கும் குறுக்கே வைத்து “டப்” என்று ஷார்ட் செய்வது பலருக்குப் பழக்கம். சால்டர் தெறித்துக் கண்ணில் விழும், டிரைவர் முனை உருகும், எல்லாவற்றுக்கும் மேல் வடிந்ததா இல்லையா என்று தெரியாது.

போர்டைக் கவிழ்க்காமல் மேலிருந்தே, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் பிரிட்ஜின் வெளிக் கால்கள் இரண்டில் பல்பை வைத்து முடிக்கிறவர்கள் உண்டு. பழைய இரட்டைக் கெப்பாசிட்டர் ரகத்தில் அது வேலை செய்யும். ஆக்டிவ் பிஎஃப்சியில் செய்யாது. பிரிட்ஜுக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் நடுவில் ஒரு டயோட் ஒரு பக்கமாக மட்டும் விடும். பிரிட்ஜில் பூஜ்ஜியம் காட்டும்போதே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். அதனால் எந்த ரகமானாலும் கெப்பாசிட்டரின் சொந்தக் காலிலேயே அளப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டம்: போர்டைப் பிரிப்பது

எல்லாம் மாட்டிய போர்டு 385 கிராம், கிலோ 70 என்றால் 26.95. இதைப் பிரித்தால் அலுமினியம் 12.75, டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் 10.20, மொட்டைப் போர்டு 5.20. கூட்டினால் 28.15. பத்து நிமிடம் உழைத்ததற்கு ஒரு ரூபாய் இருபது காசு. பவர் போர்டு என்று தனி விலை கொடுக்காத கடையானால் மட்டுமே இதை யோசிக்கலாம்.

ஹீட் சிங்க்கை எடுப்பதென்றால் அதில் மாட்டிய டிரான்சிஸ்டர், டயோட், ஸ்க்ரூ, எஃகுக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். ஓர் இரும்பு ஸ்க்ரூ விட்டுப்போனாலும் சுத்த அலுமினிய விலை கிடைக்காது.

டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தியலால் உடைத்துச் செம்பு எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அதன் நடுவில் இருப்பது ஃபெரைட். கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத் தெறிக்கும். வார்னிஷில் தோய்த்துச் சுற்றிய கம்பி, இடையிடையே டேப். பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் முப்பது கிராம் செம்பு எடுக்கக் கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

உள்ளே உழைப்புக்கு ஓரளவு ஈடு கொடுக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: வயர் வெளியேறும் பக்கத்தில் நிற்கும் வளையச் சோக். மஞ்சள் உடல், ஒரு முகம் வெள்ளை. தடித்த எனாமல் கம்பியை மூன்று நான்கு அடுக்காகச் சுற்றியிருப்பார்கள். மொத்தம் 48 கிராம் என்றால் அதில் செம்பு 18, 20 கிராம் தேறும். கால்களைக் கட்டரால் வெட்டி எடுத்து, வைஸில் பிடித்து, வளையத்தின் வெளிப்புறக் கம்பிகளை ஹேக்சாவால் ஒரே நேர்கோட்டில் அறுங்கள். வளையத்தைத் திருப்பித் தட்டினால் கம்பித் துண்டுகள் “ப” வடிவில் உதிரும். மூன்று நிமிடத்துக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். எனாமல் கம்பிக்கு உரித்த வயர்ச் செம்பின் விலை கிடைக்காது, ஒரு படி கீழேதான். ஏற்கெனவே திறந்த பெட்டியானால் எடுங்கள். இதற்காகவே பெட்டியைத் திறக்காதீர்கள்.

சால்டரை உருக்கிப் பாகங்களைத் தட்டி எடுக்க அடுப்பில் போர்டை வைக்கும் வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஐரோப்பாவில் 2006 ஜூலையில் தடை வருவதற்கு முந்தைய போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான். அதற்குப் பிறகு வந்த மலிவு ரகங்களிலும் இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் போர்டு வெட்டிய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

நான்காம் கட்டம்: வயரை உரிப்பது

185 கிராம் வயரில் ஏறக்குறைய 55 சதவீதம் செம்பு என்றால் 102 கிராம். 700 ரூபாய் விலையில் 71 ரூபாய், உரிக்காமல் 55.50. வித்தியாசம் 16 ரூபாய். 18 ஏடபிள்யூஜி கம்பியில் மீட்டருக்கு 7.3 கிராம் செம்பு. ஆக ஒரு பெட்டிக்கு நீங்கள் உரிக்க வேண்டியது 14 மீட்டர் நூல் போன்ற வயர். கையால் உரித்தால் 25 நிமிடம். மணிக்கு 38 ரூபாய். நாள் முழுதும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் சுமார் 305 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக் கூலியே தமிழ்நாட்டில் 319, கேரளத்தில் 346 ரூபாய். கையால் சுற்றும் உரிக்கும் மெஷின் தடித்த கேபிளுக்குத்தான். இரண்டு மில்லிமீட்டர் வயர் அதில் வழுக்கிக்கொண்டு போகும்.

உரிக்கச் சோம்பல்பட்டுக் கொளுத்துவது எல்லாவற்றிலும் மோசம். பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் டயாக்சினும் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் நீங்கள் வயலோரத்தில் கொளுத்திய புகை பக்கத்து ஊர் வரை போகும். அத்தனையும் செய்து கிடைப்பது கறுத்துப் பொடிந்த செம்பு; அதற்குக் கடையில் இரண்டாந்தர விலைதான்.

எல்லை, பில், பதிவு

வாளையாறுக்கு இந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சிக் கடைகள். அந்தப் பக்கம் பாலக்காடு, கஞ்சிக்கோடு. கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலைகள் இருப்பதால் தகரத்துக்கும் இரும்புக்கும் அங்கே தேவை உண்டு. ஆனாலும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டுவது சின்ன ஆட்களுக்குக் கட்டாது. நூறு பெட்டித் தகரம் 47 கிலோ. கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடக் கிடைத்தாலும் 141 ரூபாய். ஆட்டோ வாடகைக்கே பற்றாது.

அதைவிடப் பெரிய காரணம் வரி. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்றால், தொகை எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். 2017இல் வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டாலும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது நிற்கவில்லை. வேலந்தாவளத்தில் இருப்பவர் பாலக்காட்டிலும், கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பொள்ளாச்சியிலும் விற்றுக்கொள்வதே நிம்மதி.

மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அடுத்தவர்களிடம் வாங்கிப் பிரித்து விற்பதைத் தொழிலாகச் செய்ய வேண்டுமானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் கடையில் சேர்ந்த சாக்கு வேறு. ஊரெல்லாம் சுற்றி எஸ்எம்பிஎஸ் வாங்கி வீட்டுக் கொல்லையில் ஆள் வைத்து உடைப்பது வேறு. இரண்டாவதற்கு மேலே போட்ட கணக்கில் பதிவு, இடம், பாதுகாப்புச் செலவு எதுவுமே சேரவில்லை. அதையும் சேர்த்தால் வயரில் வரும் லாபமும் கரைந்துவிடும். அந்த அளவுக்குச் சரக்கு வருகிறதென்றால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் மொத்தமாகப் பேசுங்கள். டன் கணக்கில் கொடுத்தால் வயரோடு உள்ள விலையையே அவர்கள் கூட்டித் தர வாய்ப்பு உண்டு.

சேர்த்து வைப்பது

ஒரு மாதச் சரக்கைச் சேர்த்து ஒரே நடையாகப் போடுவது நல்லது; சில்லறையாகக் கொண்டுபோனால் தராசில் சில்லறை கிராம்கள் எப்போதும் கீழே விழும். போவதற்கு முன் உங்கள் தராசில் எடைபோட்டு, மூட்டை மேலேயே எழுதி வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் மழைச்சாரல் விடாது. வெட்டிய பெட்டிகளைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். துருப்பிடித்த தகரத்துக்கு விலை குறையாவிட்டாலும், ஈரச் சாக்கைப் பார்த்ததும் கடைக்காரர் தண்ணீர்க் கழிவு என்று ஒரு கிலோ தள்ளுவார்.

ஃபேன்களை எடைக்குப் போடும் முன் 12 வோல்ட்டில் ஓட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றுவதைத் தனியே எடுத்துவைத்தால் அடுத்த சர்வீஸுக்கு உதவும். 75 கிராம் ஃபேனுக்கு எடையில் கிடைப்பது ஒன்றரை ரூபாய்.

கடைசியில் மிஞ்சுவது கனெக்டர் பிளாஸ்டிக், கழன்ற கெப்பாசிட்டர்கள், யாரும் எடுக்காத மொட்டைப் போர்டுத் துண்டுகள். இவற்றைக் குப்பையோடு சேர்த்துக் கொட்டவோ எரிக்கவோ கூடாது. கேரளப் பக்கம் இருப்பவர்கள், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை மூலம் அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்கு மின்னணுக் கழிவாகக் கொடுக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போகும் அடுத்த மூட்டையில், தனிப் பையில் கட்டி, மேலே என்னவென்று எழுதிச் சேர்த்துவிடுங்கள். உப்பிய கெப்பாசிட்டரிலிருந்து கசிந்த திரவம் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.